கேட்டில் போன 25 நிமிடம்

இங்கே வரும் நிகழ்வு எந்த ஒரு பட்டறையிலும் அப்படியே நடந்ததல்ல. கப்பல் பழுதுபார்ப்பில் அடிக்கடி தலைகாட்டும் தவறுகளைச் சேர்த்து, ஆராய்வதற்காகவே கட்டிய மாதிரி. அதிலுள்ள நேரங்களும் மீட்டர் அளவுகளும் மாதிரிக்குரியவை. சட்டம், வரம்பு, பழைய விபத்து என்று சொல்லப்படுபவை உண்மையானவை.

என்ன நடந்தது

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சிறிய பட்டறையின் ஜெட்டியில் பங்கர் பார்ஜ் ஒன்று கட்டியிருக்கிறது. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு எண்ணெய் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை. துறைமுக எல்லைக்குள்ளேயே ஓடுவதால் அது ஹார்பர் கிராஃப்ட். எண்ணெயை மொத்தமாக ஏற்றும் படகுகளுக்கான 'எஸ்பி' வகை உரிமம் பெற்றது. பம்ப் ரூமில் 6 அங்குலச் சரக்குக் குழாயின் வளைவு அரித்துப்போய்க் கசிகிறது. ஒரு மீட்டர் அளவுக்குத் துண்டை வெட்டியெடுத்துப் புதியது வைக்க வேண்டும்.

இந்த ஒரு மீட்டர் குழாய்க்குப் பின்னால் நான்கு நிறுவனங்கள் நிற்கின்றன: பார்ஜின் உரிமையாளர், பட்டறை, பட்டறையிடம் குழாய் வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர், அவருக்கு ஆள் அனுப்பும் இன்னொரு நிறுவனம். கட்டிங் டார்ச் பிடித்தவரும், தீப்பற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளும் ஃபயர் வாட்ச் நின்றவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த வேலை அனுமதிக்காரர்கள்.

காலை 7.50க்கு கேஸ் டெஸ்ட். ஆக்சிஜன் 20.9 விழுக்காடு, எரிவாயு, கீழ் வெடிப்பு வரம்பில் (காற்றில் தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 0 விழுக்காடு. 8.15க்கு ஹாட் வொர்க் பெர்மிட், அதாவது தீ வேலைக்கான அனுமதித்தாள், கையெழுத்தாகிறது. ஆனால் கட்டிங் செட்டில், தீ வாயுக் குழாய்க்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் பழுது. மாற்று வந்து சேர நேரமாகிறது. இதற்கிடையே 9.40க்கு பார்ஜின் சிப்பந்திகள், எண்ணெய் மிச்சங்களைச் சேர்க்கும் ஸ்லாப் டாங்க் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெய் மாற்ற, அடிமிச்சத்தை உறிஞ்சும் ஸ்டிரிப்பிங் பம்பை ஓட்டுகிறார்கள். பம்ப் ரூமில் தீ வேலை வரப்போகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. குழாயை டாங்கிலிருந்து பிரித்து, அதன் வாயை அடைக்கும் பிளாங்க் தகடு போடவும் இல்லை. வால்வை மூடியதோடு சரி. 10.30க்கு வெட்டத் தொடங்குகிறார்கள். 10.42க்குக் குப்பென்று தீ. இருவருக்கு முகத்திலும் கையிலும் தீக்காயம். உலர்தூள் கொண்டு சில நிமிடங்களில் அணைத்துவிடுகிறார்கள். 995க்கு அழைப்பு போகிறது.

பிற்பகல் 1.05க்கு மனிதவள அமைச்சின் இரு ஆய்வாளர்கள் கேட்டுக்கு வருகிறார்கள். காவலர், "பாஸ் சிஸ்டத்தில் பெயர் இல்லை, சேஃப்டி மேனேஜர் மருத்துவமனையில் இருக்கிறார், அவர் சொல்லாமல் விட முடியாது" என்கிறார். பிறகு வருகையாளர்களுக்கான பாதுகாப்பு வீடியோ பார்க்க வேண்டும் என்கிறார். அவர்கள் உள்ளே போகும்போது மணி 1.30.

அந்த 25 நிமிடத்தில் உள்ளே மூன்று காரியங்கள் நடக்கின்றன. வழுக்குகிறது என்று பம்ப் ரூம் தரையைத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார்கள். கேஸ் மீட்டர் ஸ்டோருக்குத் திரும்பி சார்ஜரில் ஏறுகிறது. பெர்மிட்டில் கேஸ் டெஸ்ட் நேரம் 7.50 என்றிருந்தது 10.10 ஆகிறது.

கேட்டில் காவலர் கேட்ட தவறான கேள்வி

உள்ளே விட அனுமதி உண்டா என்பதுதான் காவலர் கேட்டது. ஆய்வாளர் விஷயத்தில் அந்தக் கேள்வியே எழாது. 2006-ன் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி ஆய்வாளர் எந்த நேரத்திலும் வேலையிடத்துக்குள் நுழையலாம், பார்க்கலாம், சோதிக்கலாம். வேலையிடம் என்று நம்ப நியாயமான காரணம் உள்ள இடத்துக்கும் அது பொருந்தும். முன்கூட்டி நேரம் வாங்க வேண்டியதில்லை, நீதிமன்ற ஆணையும் வேண்டியதில்லை. இரவு ஷிஃப்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே விதிதான். பட்டறையின் இசைவைப் பொறுத்து வரும் அதிகாரமல்ல அது; ஆகவே இசைவு தர வேண்டிய மேனேஜர் இல்லை என்ற பதிலுக்கு அங்கே பொருளில்லை.

காவலர் கேட்டிருக்க வேண்டியவை வேறு. யார் நீங்கள், எந்த அமைப்பு, அடையாள அட்டை எங்கே? இவற்றைக் கேட்பது தடுப்பு ஆகாது, கேட்கவே வேண்டும். அரசாங்க அதிகாரி என்று சொல்லிக்கொண்டு யாரும் எண்ணெய்ப் பார்ஜில் ஏறிவிடக் கூடாது என்பதும் பாதுகாப்புதான். அட்டையைப் பார்த்து, பெயரையும் நேரத்தையும் கேட் புத்தகத்தில் எழுதி, ஹெல்மெட், சேஃப்டி ஷூ, கண்ணாடி கொடுத்து, இடம் தெரிந்த ஒருவரைக் கூட்டாக அனுப்ப 5 நிமிடம் போதும். மேனேஜருக்குத் தகவல் சொல்வது அவர்கள் நடந்துகொண்டிருக்கும்போதே நடக்கலாம். ஆபத்தான இடம் ஏதும் இருந்தால், எடுத்துக்காட்டாக வாயு இன்னும் சோதிக்கப்படாத பம்ப் ரூம், அதைச் சொல்லி எச்சரிப்பது கடமை. அது கேட்டில் நிறுத்துவதற்கான காரணம் அல்ல. இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் பாதுகாப்பு வீடியோ பல பட்டறைகளில் பூட்டாக மாறிவிடுகிறது.

இதில் காவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பெரும்பாலும் வெளி ஏஜென்சி ஆள். கையிலுள்ள நிலையாணைப் பக்கத்தில் 'பாஸ் இல்லாதவரை விடாதே' என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் அதைத்தான் செய்வார். அந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டியது இரண்டே வரி: எந்தெந்த அமைப்பின் அட்டை வந்தால் காத்திருக்கவைக்கக் கூடாது, அப்போது யாருக்கு ஃபோன் செய்ய வேண்டும். அமைப்புகளின் அட்டை மாதிரிப் படத்தையும் கேட் கூண்டில் ஒட்டிவைக்கலாம்.

கடல்துறைக்காரர்கள் வரட்டும் என்ற பேச்சு

ஆய்வாளர்கள் பார்ஜில் ஏற முற்பட்டபோது அதை ஓட்டும் பொறுப்பிலுள்ள செராங், "இது படகு சார், கடல்துறை ஆளுங்கதான் பார்க்கணும்" என்கிறார். படகுத் தொழிலில் இந்த எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உரிமம் தருவது சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையம். சிப்பந்திகளின் தகுதிச் சான்றைக் கேட்பது அது. ஆண்டுப் பரிசோதனைக்குப் படகைக் கொண்டுவரச் சொல்வதும் அது. ஆகவே படகு என்றால் ஆணையம், நிலம் என்றால் மனிதவள அமைச்சு என்று மனத்தில் ஒரு கோடு விழுந்துவிடுகிறது.

சட்டத்தில் அந்தக் கோடு அப்படி ஓடவில்லை. பார்ஜில் டார்ச் பிடித்து ஒருவர் வேலை செய்கிற அந்த நேரத்தில் அது வேலையிடம். அதே நேரத்தில் அது உரிமம் பெற்ற ஹார்பர் கிராஃப்டும்தான். ஒன்று வந்ததால் மற்றொன்று போய்விடுவதில்லை. மனிதவள அமைச்சின் ஆய்வாளர் பெர்மிட், கேஸ் டெஸ்ட், காற்றோட்டம், ஊழியரின் பயிற்சி ஆகியவற்றுக்காக ஏறுகிறார். கப்பல் கட்டுதல், பழுதுபார்த்தலுக்கென 2008-ல் வந்த ஒழுங்குவிதிகளும் மூடிய இடங்களுக்கான 2009-ன் ஒழுங்குவிதிகளும் அவர் கையில் இருக்கும். ஆணையத்தின் அதிகாரி தம் சட்டத்தின்படியும் ஹார்பர் கிராஃப்ட் ஒழுங்குவிதிகளின்படியும் ஏறுகிறார்: உரிம நிபந்தனை என்ன, சிப்பந்திகள் எத்தனை பேர், சரக்குக் குழாய் எப்போதிலிருந்து கசிகிறது, எண்ணெய் கடலில் விழுந்ததா. கடைசிக் கேள்விக்கு 1990-ன் கடல் மாசுத் தடுப்புச் சட்டம் தனியாக நிற்கிறது. தீ எரியும்வரை இவர்கள் எல்லாருக்கும் முன்னால் குடிமைத் தற்காப்புப் படை.

ஒரே பம்ப் ரூமில் மூன்று அமைப்புகள் நிற்கும்போது யார் எதை வைத்திருப்பது என்பதே நடைமுறைச் சிக்கல். மூவரும் அசல் பெர்மிட்டைக் கேட்பார்கள். முதலில் எடுத்தவரிடமிருந்து, எடுத்த பொருள்களின் பட்டியலைக் கையெழுத்தோடு கேட்டு வாங்கிவிட்டு, மற்றவர்களுக்கு நகலையும் பட்டியலையும் காட்டுவதே வழி. பட்டியலில் 'ஆவணங்கள், 1 கோப்பு' என்று எழுதுவதை ஒப்புக்கொள்ளக் கூடாது. பக்க எண்ணிக்கை, பெர்மிட் எண், மீட்டரின் வரிசை எண் என்று எழுதக் கேட்க வேண்டும். அதிகாரி அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் நீதிமன்றத்தில் அதே விவரம் தேவைப்படும்.

இதே ஜெட்டியில் வெளிநாட்டுக் கொடி பறக்கும் டாங்கர் நின்றிருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். கரையிலிருந்து வேலை பார்க்க ஏறிய ஊழியர்களைப் பொறுத்தவரை அதுவும் வேலையிடமே. கப்பலின் சொந்தப் பாதுகாப்பைப் பொறுத்தவரை துறைமுக நாட்டின் கட்டுப்பாட்டு ஆய்வு வரும். இந்த ஆய்வுக்காக சிங்கப்பூர் சேர்ந்துள்ள தோக்கியோ உடன்பாடு 1993 டிசம்பர் 1-ல் கையெழுத்தானது. 1994 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. அங்கே ஆய்வாளர் முதலில் சான்றிதழ்களைப் பார்ப்பார். கப்பலைச் சுற்றி வருவார். சான்றிதழ் சொல்வதும் கப்பலின் நிலையும் ஒத்துப்போகவில்லை என்று நம்பத் தெளிவான காரணம் கிடைத்தால்தான் விரிவான ஆய்வுக்கு இறங்குவார். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான அனைத்துலக சோலாஸ் உடன்படிக்கையின் முதல் அத்தியாயம், 19-ம் விதி இதற்கு அடிப்படை. தேவையில்லாமல் கப்பலைப் பிடித்துவைத்தால் இழப்பீடு கேட்கக் கப்பலுக்கு உரிமையுண்டு என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. அறிக்கையில் 17 என்ற எண் வந்தால் புறப்படுமுன் சரிசெய். 30 வந்தால் கப்பல் பிடித்துவைக்கப்பட்டது. ஹார்பர் கிராஃப்ட்காரர்கள் இந்த எண்களை வைத்துப் பேரம் பேசக் கேட்கலாம். உள்ளூர் உரிமப் படகுக்கு அந்த ஏணியே இல்லை.

பழைய கணக்கு

தீ வேலை நடக்கும் கப்பலுக்குள் அதிகாரி ஏன் கதவைத் தட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது என்பதற்கு சிங்கப்பூரிலேயே பெரிய விடை இருக்கிறது. 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்ப்புக்கு வந்திருந்த ஸ்பைரோஸ் என்ற கிரேக்க டாங்கரில் வெடிப்பு. 76 பேர் இறந்தார்கள், 69 பேர் காயமடைந்தார்கள். கட்டிங் டார்ச்சின் பொறி, பின்பக்க எரிபொருள் டாங்கிலிருந்த வாயுவைப் பற்றவைத்தது. கப்பலின் சொந்த எரிபொருள் எண்ணெய் எளிதில் தீப்பற்றாது என்பதே அந்நாளைய நம்பிக்கை. ஆனால் அந்த டாங்கில் கச்சா எண்ணெய் கலந்திருந்தது.

2004-ல் மறுபடி. ஏப்ரல் 20-ல் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்தது. அதே மாதம் 29-ல் ஃபியூஷனாபொலிஸ் கட்டுமானத் தளத்தில் விபத்து. மே 29-ல் பட்டறையிலிருந்த அல்முடைனா என்ற டாங்கரில் தீ, 7 பேர் பலி. 40 நாளுக்குள் மூன்று. பழைய தொழிற்சாலைச் சட்டத்தைக் கழித்துவிட்டு 2006 மார்ச் 1-ல் இன்றைய சட்டம் வந்ததற்கு இவையே நேரடிக் காரணம். 2011 செப்டம்பர் 1 முதல் அது எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளலாம். சற்றுப் பின்னால் அலுவலகக் கதவில் அது மீண்டும் வரும்.

மீட்டர் பொய் சொல்லவில்லை

7.50க்கு எடுத்த அளவு அந்த நேரத்துக்குச் சரியாகவே இருந்திருக்கும். மூடிய இடத்துக்குள் நுழைய ஒழுங்குவிதி கேட்பது ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள், எரிவாயு கீழ் வெடிப்பு வரம்பின் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டிலும் தேறியது. ஆனால் சோதித்தது மேல் ஏணியின் பக்கத்தில். எண்ணெய் ஆவி காற்றைவிடக் கனம். கப்பலின் அடிப்பள்ளமான பில்ஜில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் எடுக்க வேண்டும். நீண்ட உறிஞ்சு குழாய் போட்டால் காற்று மீட்டரை எட்டும்வரை காத்திருந்து அளவைப் படிக்க வேண்டும். கனமான ஆவி அந்தக் குழாயின் சுவரிலேயே படிந்துவிடுவதும் உண்டு. வினையூக்கி வகை சென்சர், டீசல் போன்ற கனமான எண்ணெய் ஆவியைக் குறைத்தே காட்டும். மந்தவாயு நிரப்பி ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்த டாங்கிலோ மீட்டர் காட்டும் அளவையே நம்ப முடியாது.

நுழைவு வரம்பையே தீ வேலைக்கும் வரம்பாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. டார்ச் பிடிக்கப்போகும் இடத்தில் மீட்டர் 3 காட்டினாலும் அது எங்கிருந்து வருகிறது என்று தேடியாக வேண்டும். மாதிரி நிகழ்வில் 9.40க்கு பம்ப் ஓடியதும் ஸ்லாப், மூடிய வால்வைத் தாண்டிக் குழாய்க்குள் கசிந்தது. பழைய வால்வின் இருக்கையில் கொஞ்சம் துரு இருந்தாலே போதும், 'மூடியது' என்பது கைப்பிடியின் நிலையாக மட்டுமே இருக்கும். ஸ்லாப் என்பது பல எண்ணெய்களின் மிச்சம். கப்பல் எரிபொருளின் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது அதன் ஆவி தீப்பற்றக்கூடிய குறைந்தபட்ச வெப்பநிலை, 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது சோலாஸ் விதி. கலவை மிச்சத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இருந்தாலும்கூட டார்ச் பட்ட இரும்பு நூற்றுக்கணக்கான டிகிரி ஏறும். உள்ளே ஒட்டியிருந்த படலம் ஆவியாக அது தாராளம்.

குழாயைப் பிரித்து பிளாங்க் ஃபிளேஞ்ச் போட ஏறக்குறைய அரை மணி. அரெஸ்டருக்குக் காத்திருந்த நேரத்திலேயே முடிந்திருக்கும். வேலை தொடங்கத் தாமதமானதும் பெர்மிட்டைத் திருப்பி எடுத்து மறுசோதனை செய்யாததும், பம்ப் ஓடப்போவதைப் பட்டறையின் காலைக் கூட்டத்தில் பார்ஜ் தரப்பு சொல்லாததும் சேர்ந்துதான் 10.42.

இவ்வளவையும் ஆய்வாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மீட்டரின் உள்நினைவிலிருந்து. நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டர்களில் பெரும்பாலானவை அளவுகளை நேரத்தோடு பதிந்துவைக்கின்றன. நினைவு நிரம்பினால் பழையதன்மேல் புதியது எழுதப்படும். சார்ஜரில் போட்டுத் திரும்ப வேலைக்கு அனுப்பினால் சில நாளில் அன்றைய காலை காணாமல்போகும். ஆகவே விபத்து நடந்தவுடன் மீட்டரை அணைத்து, பையில் போட்டு, வரிசை எண்ணையும் அதன் கடிகாரம் கைக்கடிகாரத்திலிருந்து எத்தனை நிமிடம் தள்ளியிருக்கிறது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். பட்டறைக்கு எதிரான சான்று என்று மீட்டரைப் பார்ப்பது குறுகிய பார்வை. 7.50க்கு டெஸ்ட் உண்மையிலேயே நடந்தது என்பதற்கும் அதுவே சாட்சி.

இடத்தைத் தொடாதே என்ற உத்தரவு

வேலையிடத்தையோ அதன் ஒரு பகுதியையோ விசாரணை முடியும்வரை அப்படியே விட்டுவைக்கச் சொல்ல ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. படங்கள் எடுக்கலாம், மாதிரிகள் எடுக்கலாம், பொருள்களைக் காவலில் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் அடித்துக் கழுவிய தரையில் இவற்றில் பாதிக்கு வேலையில்லை. கழுவியவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டியதில்லை. வழுக்கும் தரையைக் கழுவுவது பட்டறையில் கைப்பழக்கம். ஆனால் பம்ப் ரூமில் எண்ணெய் எங்கே தேங்கியிருந்தது, எந்த ஃபிளேஞ்சிலிருந்து வழிந்தது என்ற தடம் தண்ணீரோடு போயிற்று.

கழுவியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. எண்ணெய் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தால், பார்ஜ் சாய்ந்துகொண்டிருந்தால், சான்றைக் காக்கிறேன் என்று கை கட்டி நிற்க முடியாது. அப்போது முதலில் நான்கு பக்கத்திலிருந்தும் படம், பிறகு மூடிய ஜாடியில் எண்ணெய் மாதிரி, எந்த வால்வை எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு யார் எத்தனை மணிக்கு மாற்றினார் என்ற குறிப்பு, அதன்பின் காரியம். ஆய்வாளர் அங்கே இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். மாதிரி எடுப்பவர் அதிகாரியாக இருந்தால் அதில் ஒரு பங்கைக் கேட்டுப் பார்ப்பது தவறில்லை. பங்கர் தொழிலில் மாதிரியைப் பிரித்து முத்திரையிடுவது தினசரிப் பழக்கம்தான்.

இதற்குமேல் போவது சட்டத்தின் 21-ம் பிரிவு. குறையைச் சரிசெய்யவோ வேலையை நிறுத்தவோ வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார ஆணையர் உத்தரவிடலாம். பம்ப் ரூமை மட்டும் நிறுத்துவதா, பட்டறையின் எல்லாத் தீ வேலையையும் நிறுத்துவதா என்பது ஆய்வாளர் கேட்டைத் தாண்டிய முதல் மணி நேரத்தில் என்ன பார்க்கிறார் என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறும். பக்கத்து ஜெட்டியில் இன்னொரு கப்பலிலும் பிளாங்க் இல்லாமல் வெட்டிக்கொண்டிருந்தால், பிரச்சினை ஒரு குழாயோடு நிற்காது.

பெர்மிட்டில் ஏறிய 10.10

பெர்மிட்டின் நேரத்தைத் திருத்தியது இந்த நிகழ்விலேயே மிக மோசமான செயல். தீயைவிட மோசம் என்றுகூடச் சொல்லலாம். தீ, கவனக்குறைவு. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் பொதுத் தண்டனைப் பிரிவில் முதல் குற்றத்துக்கு நிறுவனத்துக்கு 500,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம்; தனிமனிதருக்கு 200,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பேனாவை எடுத்தவுடன் விஷயம் அந்தச் சட்டத்தைத் தாண்டித் தண்டனைச் சட்டத்தின் 204ஏ பிரிவின் பக்கம் நகர்கிறது: நீதியின் போக்கைத் தடுப்பது, 7 ஆண்டு வரை சிறை. அதுவும் நிறுவனத்தின் தலையில் விழுவதற்கு முன் கையெழுத்துப்போட்ட சூப்பர்வைசரின் தலையில் விழும். பட்டறைகளில் சூப்பர்வைசராக இருக்கும் நம்மவர்கள் பலர் "மேனேஜர் சொன்னார், எழுதினேன்" என்ற வார்த்தையைக் கவசம் என்று நினைக்கிறார்கள். அது கவசமல்ல, வாக்குமூலம்.

பெர்மிட் தவறாக இருந்தால் தவறாகவே இருக்கட்டும். கூடுதல் விவரம் சொல்ல வேண்டியிருந்தால் தனித்தாளில், இன்றைய தேதியும் நேரமும் போட்டு, இப்போது எழுதப்பட்டது என்று தெளிவாகத் தெரியும்படி எழுதலாம்.

வாய்மொழி

ஆய்வாளர் ஊழியரிடம் முதலில் கேட்கும் கேள்வி தீயைப் பற்றியதாக இராது. இந்த இடம் யார் பொறுப்பு, உங்கள் முதலாளி யார்? சட்டமே அந்தக் கேள்வியைக் கேட்க அதிகாரம் தருகிறது. நான்கு நிறுவனங்கள் அடுக்கிய வேலையில் அதற்கு விடை சொல்வது எளிதல்ல.

"வொர்க் பெர்மிட்ல இருக்கிற கம்பெனி ஒண்ணு சார். சம்பளம் அங்கேருந்து வருது. வேலை சொல்றது இங்க இருக்கிற சூப்பர்வைசர் அண்ணன். அவர் எந்த கம்பெனின்னு தெரியாது."

இது மழுப்பல் இல்லை. அவருக்குத் தெரிந்த முழு உண்மை அவ்வளவுதான். அதைத் திருத்தி, கற்றுக்கொடுத்த விடையைச் சொல்லவைக்க முயலும் முதலாளிகள் தங்களுக்கே குழி தோண்டிக்கொள்கிறார்கள். ஒப்பந்தச் சங்கிலி ஆவணத்தில் இருக்கிறது. ஆய்வாளர் அதைப் பத்தே நிமிடத்தில் விரித்துவிடுவார்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22-ம் பிரிவு, விசாரணை வாக்குமூலத்துக்குச் சொல்லும் விதி தமிழ் ஊழியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. கேட்கப்படுபவர் உண்மையைச் சொல்லக் கட்டுப்பட்டவர். ஆனால் தம்மைக் குற்றச்சாட்டுக்கு உள்ளாக்கக்கூடியதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுதியதைப் படித்துக்காட்ட வேண்டும், ஆங்கிலம் தெரியாவிட்டால் அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், அதன்பிறகே கையெழுத்து. 'ஓகே ஓகே' என்று தலையாட்டிவிட்டுப் போடும் கையெழுத்தில்தான் வால்வு 'மூடியிருந்தது' என்பது வால்வை 'மூடினேன்' என்று ஆகிவிடுகிறது. தமிழில் ஒரு சொல்லின் முடிவு மாறினால் பொறுப்பே ஆள் மாறும். மொழிபெயர்ப்பாளர் சொன்னது பொருந்தவில்லை என்றால் திருத்தக் கேட்கலாம், திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும்.

இங்கே பிரிட்டனோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். அங்குள்ள 1995-ன் வணிகக் கப்பல் சட்டம், 259-ம் பிரிவில், ஆய்வாளர் நியாயமான எந்த நேரத்திலும், ஆபத்து என்று கருதினால் எந்த நேரத்திலும், கரையிலுள்ள இடங்களிலும் கப்பலிலும் நுழையலாம். கேள்விக்கு விடை சொல்ல ஆளைக் கட்டாயப்படுத்தவும் செய்யலாம். அதற்கு ஈடாக, அப்படிச் சொன்ன விடையை அவருக்கு எதிராகவே சான்றாகப் பயன்படுத்த முடியாது. வாயைத் திறக்கவைத்துவிட்டு வார்த்தைக்குக் காப்பு தருவது அந்த வழி. இங்கே தன்னைச் சிக்கவைக்கும் விடையை விழுங்கிக்கொள்ள உரிமை. சொல்லிவிட்டால் சொன்னது நிற்கும்.

கரையிலுள்ள அலுவலகம்

மறுநாள் ஆய்வாளர்கள் பார்ஜ் உரிமையாளரின் அலுவலகத்துக்குப் போகிறார்கள். ஏழாம் மாடியில் மேசை, கணினி, காப்பி மெஷின். "இங்கே தீயும் இல்லை, படகும் இல்லையே" என்கிறார் வரவேற்பாளர். ஆனால் அவர் வேலைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். 2011-க்குப் பிறகு அவர் உட்கார்ந்திருக்கும் இடம் வேலையிடம். நுழைய அவ்வளவு போதும்.

நுழைந்தபின் எதை எடுக்கலாம் என்பதில்தான் கவனம் வேண்டும். வைத்திருக்கவேண்டிய பதிவுகளையும் விசாரணைக்குத் தொடர்புள்ள மற்ற ஆவணங்களையும் காட்டச் சொல்லலாம், நகல் எடுக்கலாம். இந்த நிகழ்வில் உண்மையான ஆவணம் கோப்பில் இல்லை, வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது: மூன்று வாரத்துக்கு முன்பே குழாய்க் கசிவின் படத்தை செராங் அனுப்பியிருக்கிறார், 'அடுத்த டாக்கில் பார்ப்போம்' என்று பதில் வந்திருக்கிறது. அதை அழிப்பதும் பெர்மிட்டைத் திருத்துவதும் ஒரே சாதி. கேமரா பதிவும் அப்படித்தான். பதிவுப் பெட்டி தானாகவே பழையதை அழித்துக்கொண்டே போகும். 'நாங்கள் அழிக்கவில்லை' என்பது உண்மையாக இருந்தாலும் காதில் ஏறாது. விபத்தன்றே பதிவை வெளி டிஸ்கில் இறக்கிவிட வேண்டும்.

வழக்கறிஞரோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்குச் சான்றுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அதைத் தனிக் கோப்பில் வைத்திருந்து, அதிகாரி அந்தக் கோப்பைத் தொடும்போது சொல்ல வேண்டும். ஆனால் சேஃப்டி மேனேஜர் தம் பாட்டுக்கு எழுதிய உள்விசாரணை அறிக்கையின் மேல் 'வழக்கறிஞருக்கு மட்டும்' என்று முத்திரை குத்திவிட்டால் அது அந்தப் பாதுகாப்புக்குள் நுழைந்துவிடாது. இந்தத் தந்திரம் எல்லா அதிகாரிகளுக்கும் பழக்கம்.

வீடு

செயல்பாட்டு மேனேஜரின் மடிக்கணினி ஜூரோங் வெஸ்ட்டில் அவருடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறது. பம்ப் ஓட்டும் அட்டவணை அதில். இதுவரை வந்த கதவுகள் எல்லாம் வேலையிடம் என்ற ஒரே சொல்லால் திறந்தன. குடும்பம் வாழும் வீட்டில் அந்தச் சொல் வலுவாக நிற்காது. ஒரு மடிக்கணினியை வைத்துப் படுக்கையறையை வேலையிடம் என்பது நீண்ட வாதமாகிவிடும். விவரமறிந்த ஆய்வாளர் அந்த வாதத்துக்குள் போக மாட்டார். கணினியைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி எழுத்தில் கேட்பார். கேட்டும் வராது, அல்லது அழிந்துவிடும் என்று நம்பக் காரணமிருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி நீதிமன்றத்தின் சோதனை ஆணை இருக்கிறது. கதவுக்கு வருபவர் கையில் ஆணை இருந்தால் அதில் எந்த முகவரி, எந்தப் பொருள், எந்தக் குற்றம் என்று வாசித்துப் பார்க்க வேண்டும். ஆணை இல்லாமல் இசைவின் பேரில் உள்ளே வருகிறார் என்றால் அந்த இசைவு உண்மையான இசைவாக இருக்க வேண்டும். தர விருப்பமில்லாதவர் மரியாதையாக மறுத்துவிட்டு, கணினியை மறுநாள் காலை அலுவலகத்தில் ஒப்படைப்பதாகச் சொல்லலாம். ஒப்படைக்கும்வரை அதைத் திறக்காமல் இருப்பது அவருடைய நலனுக்கே நல்லது: கோப்பின் கடைசித் திருத்த நேரமும் ஒரு சான்று.

நேரங்கள் ஒன்றோடொன்று மோதியபோது

இறுதியில் ஆய்வாளர் மேசையில் நேரங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. பெர்மிட்டில் 10.10. மீட்டரின் நினைவில் கடைசி அளவு 7.52; அதன் கடிகாரம் 2 நிமிடம் முந்தி ஓடுகிறது, ஆகவே 7.50. ஸ்டோர் புத்தகத்தில் மீட்டர் திரும்பிவந்தது 13.20. மேல்தளக் கேமராவில் தண்ணீர்க் குழாயை இழுத்துவருவது 13.12. பம்பின் ஓட்டப் பதிவு 9.40 முதல் 9.58 வரை. மேனேஜரின் கணினியில் அட்டவணை கடைசியாகத் திருத்தப்பட்டது முந்தைய நாள் மாலை. அதில் பம்ப் வேலை தெளிவாகவே இருந்தது, பட்டறைக்கு மட்டும் போகவில்லை. அன்றைய ஆவணங்களில் யாரும் கைவைக்க நினைக்காதது கேட் புத்தகம் ஒன்றுதான்: மனிதவள அமைச்சு, இருவர், வந்தது 13.05, உள்ளே போனது 13.30.